மருந்தாளர் அக்கா பதில்கள்: பாலுக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று

தைப்பூசம் முடிந்த கையோடு எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் வயிற்றுப் புலம்பல்தான் இருக்கும். விரதம் முடித்த வயிற்றில் பினாங்குத் தண்ணீர்மலைப் பந்தல்களின் பருப்பும் மோரும் பாயசமும் ஒரே நாளில் இறங்கினால் அது என்னதான் செய்யும், பாவம்! இந்த முறை கூடவே இன்னொரு கேள்வியும் வந்திருக்கிறது: “செரிமான என்சைம் வாங்கிச் சாப்பிடலாமா?” லிட்டில் இந்தியாவை ஒட்டி இருக்கும் என் மருந்தகத்திலும் அதே கேள்விதான். சரி, இந்த மாதப் பக்கம் முழுக்க என்சைம் எனப்படும் நொதிகளுக்கே.

கேள்வி: என் நாத்தனார் நேரடி விற்பனையில் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார். விலை 180 வெள்ளி. பதினைந்து என்சைம் உள்ளதாம். நாற்பது வயதுக்கு மேல் உடம்பில் என்சைம் வற்றிவிடும், அதனால் தினமும் இரண்டு போட வேண்டும் என்கிறார். லேபிளைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். அதில் உள்ளவை என்ன செய்யும்? நாங்கள் மாட்டிறைச்சி தொடாத குடும்பம்.
– குடும்ப மாது, பட்டர்வொர்த்

பதில்: படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன் அம்மா. கடைசியில் சொன்னதற்கு முதலில் பதில். பட்டியலின் கீழ்ப்பக்கம் ‘ஆக்ஸ் பைல்’ என்று இருக்கிறது பாருங்கள், அது மாட்டுப் பித்தநீரைக் காயவைத்த தூள். நொதியே கிடையாது. கொழுப்பைப் பொடித்துளிகளாக்கும் பித்த உப்புகள் அதில் இருக்கும், அவ்வளவுதான். பதினைந்து என்று எண்ணிக்கை காட்ட அதையும் சேர்த்திருக்கிறார்கள். கூட்டின் (கேப்ஸ்யூல்) மேலுறையும் மாட்டு ஜெலட்டின் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது. பாட்டிலில் ஹலால் முத்திரை இருக்கிறதே என்று உங்கள் நாத்தனார் சொல்லக்கூடும். ஹலால் முத்திரை பன்றி இல்லை என்பதற்கு உத்தரவாதம். மாடு இல்லை என்று அது எங்கேயும் சொல்லவில்லை. நம் வீடுகளில் இதைக் கவனிக்காமல் வாங்குகிறவர்கள் ஏராளம்.

இப்போது மற்றவை. அமிலேஸ் மாவுச்சத்தை உடைக்கும். நம் எச்சிலிலேயே அது உண்டு. வெறும் சோற்றை வெகுநேரம் மென்றால் லேசாக இனிக்குமே, அது அமிலேஸ் பார்த்த வேலை. புரோட்டியேஸ் புரதத்துக்கு, லிபேஸ் கொழுப்புக்கு. இந்த மூன்றையும் கணையம் தினமும் தாராளமாகச் சுரக்கிறது. லாக்டேஸ் பால் சர்க்கரைக்கு. ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் பருப்பு வகைகளில் உள்ள சில சர்க்கரைகளுக்கு. செல்லுலேஸ் நார்ச்சத்தை உடைப்பது. அது மனித உடம்பில் சுரப்பதே இல்லை, நார்ச்சத்து செரிக்காமல் போவதுதான் குடலுக்கும் நல்லது. பப்பாயின் பப்பாளிப் பாலிலிருந்து, புரோமலைன் அன்னாசியிலிருந்து எடுப்பவை. இரண்டுமே புரதத்தை அறுக்கும். ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் பச்சைப் பப்பாளியை அரைத்துத் தடவி வைப்போம் அல்லவா, பப்பாயினின் கைவரிசையை அங்கே கண்ணால் பார்க்கலாம். ஆனால் கறி அந்தக் கூழில் ஊறிக் கிடக்கிறது. இங்கே ஒரு கூட்டுக்குள் மற்ற பதினான்கோடு ஒண்டிக்கிடக்கும் துளிப் பப்பாயின், ஒரு தட்டு நாசி கண்டாரில் உள்ள இறைச்சியை என்ன செய்துவிடும்?

அளவு என்றதும் இன்னொன்று. உங்கள் லேபிளில் ‘நொதிக் கலவை 500 மி.கி.’ என்று மட்டும் இருக்கிறது. நொதியை மில்லிகிராமில் சொல்வதில் பெரிய பொருள் இல்லை. அது எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குத் தனித்தனி அலகுகள் உண்டு. லாக்டேஸுக்கு ஏ.எல்.யூ., ஆல்ஃபா-கேலக்டோசிடேஸுக்கு கேல்-யூ, புரோமலைனுக்கு ஜி.டி.யூ. என்று போகும். அந்த அலகு அச்சடிக்காத பாட்டிலை நான் என் கடைத் தட்டில் வைப்பதில்லை. சூட்டில் கிடந்து செத்துப்போன நொதியும் அதே 500 மி.கி. எடைதான் காட்டும்.

நாற்பது வயதில் வற்றிப்போகும் கதைக்கு வருகிறேன். கணையத்தில் கையிருப்பு அதிகம். சுரப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போன பிறகுதான் கொழுப்பு செரிக்காமல் மலத்தில் எண்ணெயாக வெளியேற ஆரம்பிக்கும். நன்றாகச் சாப்பிட்டு, எடை குறையாமல், சாதாரணமாக மலம் கழிக்கிறவருக்கு அமிலேஸும் லிபேஸும் கடையில் வாங்க வேண்டிய தேவை இல்லை. வயதோடு பலருக்கும் குறைவது லாக்டேஸ் ஒன்றுதான். அதுவும் நாற்பது வரை காத்திருக்காது, சிறு வயதிலேயே குறையத் தொடங்கிவிடும்.

எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண் படத்தில் தென்படவில்லை, பாட்டிலின் மறுபக்கம் தேடிப் பாருங்கள். கூடு, மாத்திரை வடிவில் விற்கும் துணைச்சத்துகள் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வில் பதிவாகியிருக்க வேண்டும். எண்ணின் கடைசியில் ‘என்’ (N) என்ற எழுத்து இருந்தால் அது சுகாதாரத் துணைச்சத்து என்று பொருள். அந்த எண்ணை என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தட்டினால் பொருளின் பெயர் வர வேண்டும். வராவிட்டால் நாத்தனாரிடம் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு ஒரு நல்ல சாக்கு கிடைத்துவிட்டது.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான், வயது 66. பருப்பு, கடலை, மொச்சை எதைத் தொட்டாலும் வயிறு உப்புகிறது, நாலு பேர் மத்தியில் உட்கார முடியவில்லை. முன்பெல்லாம் இப்படி இல்லை. நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் அக்கார்போஸும் சாப்பிடுகிறேன். பல நொதிகள் கலந்த மாத்திரை வாங்கினேன். வாயு கொஞ்சம் குறைந்தது, ஆனால் சர்க்கரை ஏறியிருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– ஆயர் ஈத்தாம்

பதில்: ஐயா, இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அக்கார்போஸின் வேலையே நொதிகளைத் தடுப்பதுதான். சோறு, ரொட்டியில் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளைச் சிறுகுடலில் அது மறித்து நிற்கும். அதனால் சாப்பிட்டவுடன் சர்க்கரை சட்டென்று ஏறாது. உடைபடாத மாவு பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே குடியிருக்கும் கிருமிகள் அதைப் புளிக்க வைக்கும், வாயு கிளம்பும். அந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் அதிகமாகச் சொல்லும் குறை இதுதான். நீங்கள் அந்த வாயுவுக்கு அமிலேஸ் கலந்த மாத்திரை வாங்கியிருக்கிறீர்கள். ஒரு மாத்திரை கதவைச் சாத்துகிறது, இன்னொன்று திறந்துவிடுகிறது. மருந்தின் வேலை கெட்டதால்தான் வாயு குறைந்திருக்கலாம், சர்க்கரையும் அதே காரணத்தால் ஏறியிருக்கலாம். அக்கார்போஸோடு செரிமான நொதிகளைச் சேர்க்கக் கூடாது என்று அந்த மருந்தின் விளக்கத் தாளிலேயே இருக்கிறது. ஆனால் அந்தத் தாளை யார் விரித்துப் படிக்கிறார்கள்? அதில் பொட்டலம் மடித்துக் கொடுத்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நொதி மாத்திரையை நிறுத்துங்கள், அக்கார்போஸை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாயுத் தொல்லை எப்போது தொடங்கியது, அக்கார்போஸ் எப்போது தொடங்கியது என்று கிளினிக் அட்டையில் தேதியை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த அட்டையோடு மருத்துவரைப் பாருங்கள். அளவைக் குறைத்து மெல்ல ஏற்றலாம், வேறு மருந்துக்கும் மாற்றலாம். மெட்ஃபார்மினும் வயிற்றைக் கலக்கும். உணவோடு சாப்பிடுவதும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவதும் பலருக்கு உதவுகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்சுலினோ கிளிக்லசைடு போன்ற மருந்தோ சேர்ந்து, உங்களுக்கு என்றாவது சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கினால், சீனி போட்ட தண்ணீர் உடனே கை கொடுக்காது. சீனியை உடைக்கும் நொதியையும் அக்கார்போஸ் தடுத்து வைத்திருக்கிறது. குளுக்கோஸ் மாத்திரையோ குளுக்கோஸ் தூளோதான் வேண்டும். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

இனி பருப்பு. துவரை, கடலை, மொச்சை எல்லாவற்றிலும் ராஃபினோஸ், ஸ்டாகியோஸ் என்று சில சர்க்கரைகள் உண்டு. இவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் யாருக்கும் சுரப்பதில்லை, இளைஞனானாலும் பயில்வானானாலும் அப்படித்தான். அதற்கென்று இருப்பதுதான் ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ். அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையிலிருந்து எடுப்பது. முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். சாப்பிட்டு முடித்து, வயிறு உப்பிய பிறகு போட்டால் பலன் இல்லை. சிலருக்கு நன்றாகவே கேட்கிறது, சிலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் அக்கார்போஸ் சாப்பிடும் வரை உங்களுக்கு இதுவும் வேண்டாம். அந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையும் என்பதால் அடுக்களையிலேயே ஒரு வழி இருக்கிறது: கொண்டைக்கடலையையும் மொச்சையையும் இரவே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். முளைகட்டினால் இன்னும் குறையும். கச்சாங் பூத்தே பொட்டலம் மட்டும் ஒரு கைப்பிடியோடு நிற்கட்டும். அதை ஊறவைக்கச் சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள்.

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிகாலையில் ஒரு தே தாரேக் குடித்தால் அரை மணியில் வயிறு கடமுடா. லாக்டேஸ் மாத்திரை போடலாமா அக்கா? பழக்கமாகிவிடுமா?
– வாசகி, வயது 27

பதில்: போடலாம் தங்கச்சி. நொதி மாத்திரைகளில் நான் கூசாமல் கையில் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். பால் சர்க்கரையான லாக்டோஸை லாக்டேஸ் இரண்டாக வெட்டி குளுக்கோஸ், கேலக்டோஸ் ஆக்கும். வெட்டுப்படாமல் பெருங்குடலுக்குப் போனால்தான் உங்கள் கடமுடா. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒவ்வொரு வேளையும் குறைந்தது 4,500 யூனிட் இருந்தால்தான் லாக்டோஸ் செரிக்க உதவும் என்று சொல்லலாம் என வரையறுத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பாட்டிலைப் பாருங்கள். பழக்கம் எல்லாம் ஆகாது. போட்ட வேளைக்கு வேலை செய்யும், அடுத்த வேளைக்கு அடுத்தது. முதல் வாயோடு குளிர்ந்த தண்ணீரில் விழுங்குங்கள். சூடான டீயில் பிரித்துக் கொட்டாதீர்கள், கொதியில் நொதி செத்துவிடும். ஒருவர் அப்படிச் செய்துவிட்டு, என் கடை மாத்திரை போலி என்று சண்டைக்கு வந்தார்!

அதற்கு முன் ஒரு சோதனை. ஒரு குவளைப் பாலில், அதாவது 250 மில்லியில், சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கும். லாக்டேஸ் குறைந்தவர்களில் பலர் அந்த அளவை உணவோடு தாங்கிக்கொள்வார்கள். வெறும் வயிற்றில் குடிக்கும்போதுதான் தகராறு. உங்கள் தே தாரேக்கில் விழுவது பெரும்பாலும் கிரீமர். செம்பனை எண்ணெயும் பால் திடப்பொருளும் சர்க்கரையும் சேர்ந்தது, டப்பாவுக்கு டப்பா லாக்டோஸ் மாறும். ஒரு நாள் பசியாறிய பிறகு குடித்துப் பாருங்கள். இன்னொரு நாள் பால் சேர்க்காத தே ஓ குடியுங்கள். தே ஓவுக்கும் வயிறு கலங்கினால் குற்றவாளி பால் இல்லை, இரவு வேலையையும் தேயிலையையும் விசாரிக்க வேண்டும். கடையில் லாக்டோஸ் இல்லாத பாலும் உண்டு. அதில் லாக்டேஸை முன்பே கலந்துவிடுகிறார்கள், அதனால்தான் சற்று இனிப்பாக இருக்கும். தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். பாலைக் குறைத்தால் கால்சியத்துக்கு நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள். தோல் தடித்து, உதடு வீங்குகிறது என்றால் அது பால் ஒவ்வாமை. அங்கே லாக்டேஸ் உதவாது, பாலையே தொடக் கூடாது.

கேள்வி: சென்னைக்குப் போகும்போதெல்லாம் கருப்பு நிறச் செரிமான மாத்திரை அட்டை அட்டையாக வாங்கி வருவோம். நல்லதுதானா?
– சுங்கை பட்டாணி

பதில்: அட்டையின் பின்பக்கம் பாருங்கள்: பூஞ்சை டயஸ்டேஸ், பப்பாயின், கூடவே செயலூட்டப்பட்ட கரி. கருப்பு நிறம் கரியால். டயஸ்டேஸ் என்பது அமிலேஸ்தான், பழைய பெயர். பிரான்சில் 1833இல் முளைவிட்ட பார்லியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். நம் குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் எழுந்த அதே ஆண்டு என்பதால் எனக்கு அந்தத் தேதி மறப்பதில்லை. அதை மருந்துக்கடைச் சரக்காக்கியவர் ஜோகிச்சி டகாமினே என்ற ஜப்பானிய வேதியியலாளர். அரிசி மது காய்ச்ச உதவும் பூஞ்சையிலிருந்து எடுக்கும் முறைக்கு 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். விருந்துக்குப் பிறகு ஒன்று போட்டால் பெரிய கெடுதல் இல்லை. கவனிக்க வேண்டியது கரி. மற்ற மருந்துகளையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கருப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் இந்த மாத்திரை போடாத நாளில் தார் போலக் கருப்பாகப் போனால் அது இரத்தமாக இருக்கலாம், உடனே மருத்துவமனை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் பப்பாயின், புரோமலைன் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள், இரத்தக் கசிவு கூடலாம். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பப்பாயினும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய அம்மாக்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் பழத்தோலில் ஈகோ என்சைம் போடுகிறார். வயிற்றுக்கும் நல்லது, ஒரு மூடி குடி என்கிறார்.
– ஜெலுத்தோங்

பதில்: குடிக்காதீர்கள். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து மூன்று மாதம் புளிக்க வைத்தது அது. தரை துடைக்கவும் சாக்கடை நாற்றத்துக்கும் வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. சில மாதமாகக் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுகிறது, மேல்வயிற்றில் எரிச்சல், பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போய்விட்டது. எந்த என்சைம் நல்லது?
– செந்தூல், கோலாலம்பூர்

பதில்: எதுவும் வேண்டாம் அம்மா. இந்த வாரமே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, இரத்தசோகை, கருப்பு மலம், கண் மஞ்சளாவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்தகத்துக்கு வரும் வேளை இல்லை. உள்நோக்கிப் பரிசோதனை தேவைப்படலாம். இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியையும் பார்ப்பார்கள். மலேசியாவில் அது மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒமிப்ரசோல் போன்ற, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஏதாவது ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள், கிருமிச் சோதனையின் முடிவை அது மறைத்துவிடும். அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் 1 வெள்ளிதான் கட்டணம், காசு ஒரு சாக்கில்லை.

கேள்வி: அத்தாவுக்குக் கணைய அழற்சி நாள்பட்டுப் போய், மருத்துவமனையில் பன்கிரியாட்டின் கூடு கொடுத்திருக்கிறார்கள். பன்றியிலிருந்து எடுத்தது என்று தெரிந்ததும் சாப்பிட மறுக்கிறார். பூஞ்சை என்சைம் வாங்கிக் கொடுக்கட்டுமா?
– சூலியா ஸ்திரீட்

பதில்: தம்பி, மேலே நான் கிண்டலடித்த பாட்டில்களோடு இதைச் சேர்க்காதீர்கள். இது மருந்து. கணையமே நொதி சுரக்காதபோது கொழுப்பு உடம்பில் சேராது, ஏ, டி, இ, கே வைட்டமின்கள் குறையும், ஆள் உருகிப்போவார். இப்போது நடப்பில் உள்ள பன்கிரியாட்டின் பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பதுதான். கடையில் விற்கும் பூஞ்சை லிபேஸ் அதற்கு ஈடாகாது. அத்தாவை மருத்துவரிடம் அழைத்துப்போய் மாற்று உண்டா, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நேராகக் கேட்க வையுங்கள். அந்தப் பதிலோடு அவர் மதிக்கும் இமாமைப் பாருங்கள். உயிர் காக்கும் சிகிச்சைக்கு வேறு வழி இல்லாதபோது மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை அவர் வாயால் கேட்டால்தான் அத்தாவின் மனம் ஆறும். நானோ நீங்களோ சொன்னால் ஆகாது.

சாப்பிடச் சம்மதித்தால் முறை முக்கியம். பெரியவர்களுக்கு ஒரு முழு வேளை உணவுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லிபேஸ் வரை கொடுப்பது வழக்கம். சரியான அளவை மருத்துவர் எழுதியிருப்பார். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ பின்போ வேண்டாம். முதல் வாயோடு கொஞ்சம், நடுவில் மீதி என்று பிரித்துப் போடலாம். கூட்டுக்குள் இருக்கும் குட்டி உருண்டைகளைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. அவற்றின் மேல்பூச்சுதான் இரைப்பை அமிலத்திலிருந்து லிபேஸைக் காப்பாற்றுகிறது. கூட்டை விழுங்க முடியாவிட்டால் பிரித்து, ஆப்பிள் கூழ் போலப் புளிப்பும் மென்மையுமான உணவில் கலந்து உடனே விழுங்கி, தண்ணீர் குடிக்க வேண்டும். பாலிலோ சுடு கஞ்சியிலோ கலந்தால் பூச்சு முன்பே கரைந்துவிடும். இரண்டு பிஸ்கட்டோடு கோப்பி குடித்தாலும் அதற்கும் சிறு அளவு தேவைப்படும், மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டிலைக் காருக்குள் விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போய்விடாதீர்கள். 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்லும் மருந்து, நம் வெயிலில் மூடிய கார் அந்தச் சூட்டை இரட்டிப்பாக்கிவிடும்.